பிக்கப் குறைந்த குளிர்காலம்

எங்கள் காருக்குப் பிக்கப் குறைந்துவிட்டது என்று முதலில் தெரிந்தது பாராபுல்லா மேம்பாலத்து ஏற்றத்தில். டிசம்பர் மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதரை மணி இருக்கும். ஓட்டிக்கொண்டிருந்தவள் என் மனைவி. நான் பக்கத்து இருக்கையில் செய்தித்தாளை நாலாக மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து யாரோ விடாமல் ஹாரன் அடிக்கவே தலை நிமிர்ந்து பார்த்தேன். கூரைமேல் கட்டிலைக் கட்டியிருந்த ஒரு பழைய டாக்ஸி எங்களை முந்திக்கொண்டு போனது. அதன் டிரைவர் எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு வேறு போனான்.

"ஏங்க, வண்டி இழுக்கவே மாட்டேங்கு" என்றாள்.

"ரெண்டாவதுல போடு."

"ரெண்டாவதுலதான் இருக்கு."

"அப்பம் மிதி."

"மிதிச்சுக்கிட்டுத்தாம்லா இருக்கேன். இஞ்சின் சத்தங்கூட எழும்பலை. யாரோ அமுக்கிப் பிடிச்ச மாதிரி இருக்கு." கொஞ்ச தூரம் போன பிறகு அவளாகவே சொன்னாள்: "எனக்கு மூச்சு முட்டும்போ இப்படித்தான் இருக்கும். உள்ள இழுக்க வராது. இதுக்கும் அதான் போல."

அவளுக்கு ஆஸ்துமா. ஊரில் இருந்தவரை இருமல்கூட வராதவள். தில்லிக்கு வந்து பத்து வருடத்தில் நெஞ்சில் விசில் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டது. கைப்பையில் ஒன்று, தலையணை அடியில் ஒன்று, காரின் டேஷ்போர்டில் ஒன்று என்று மூன்று இன்ஹேலர் எப்போதும் இருக்கும்.

"அப்பம் உன் இன்ஹேலரை எடுத்து அதுக்கும் ரெண்டு அடி அடிச்சு விடு" என்றேன்.

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சலாக வருகிறது. காருக்கு என்ன கோளாறு என்பதை அன்றைக்கே, அந்த ஏற்றத்திலேயே, அவள் சரியாகச் சொல்லியிருந்தாள். எனக்கு அது விளங்க நாலு மாதம் ஆனது. அந்த நாலு மாதத்தில் நான் செய்த வேலையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டது ஐம்பதாவது வயதில். அதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் மகள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். வீட்டில் திருநெல்வேலித் தமிழ் பேசுவாள், ஆனால் எழுத்துக் கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாது. அவள் கல்யாணமாகி பெங்களூர் போன பிறகு, அம்மா ஆசையாக எழுதி அனுப்பிய கடிதத்தைப் படம் பிடித்து எங்களுக்கே திருப்பி அனுப்பி, "படிச்சுச் சொல்லும்மா" என்று கேட்டாள். என் மனைவி போனில் படித்துக் காட்டினாள். தான் எழுதிய கடிதத்தைத் தானே படித்தாள். முடித்துவிட்டு, "தப்பு என்மேலதான்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்கு அடுத்த மாதம்தான் லக்ஷ்மிபாய் நகரில், குவார்ட்டர்ஸ்காரர்களுக்கான பொது அறை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை தமிழ் வகுப்பு ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்திலும் கிட்வாய் நகரிலும் இருக்கிற அரசாங்க ஊழியர்களின் பிள்ளைகள் பதினாலு பேர். எல்லாம் "ஆன்ட்டி, இது கைசே லிக்னா?" என்று, எப்படி எழுதுவது என்பதையே இந்தியில் கேட்கிற பிள்ளைகள். சம்பளம் கிடையாது. நாங்கள் இருப்பது மயூர் விஹாரில், யமுனைக்கு இந்தப் பக்கம். நோட்டுப் புத்தகங்கள், அட்டைகள், ஒரு சின்னக் கரும்பலகை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கும் பஸ்ஸுக்கும் அலைய முடியாது என்று சொல்லி டிரைவிங் பள்ளியில் சேர்ந்தாள். நான் கேலி செய்தேன். இரண்டாம் தடவை டெஸ்டில் தேறி லைசென்ஸ் வாங்கிக்கொண்டு வந்தாள்.

ஆறு வருடம் ஓட்டினாள். ஒரு கீறல் விழுந்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியைக் கையில் எடுத்தால் அவள் முகமே வேறாக இருக்கும். நான் கூடப் போவது லக்ஷ்மிபாய் நகரில் என்னைப் போல ரிட்டையரான ஒருவரோடு காபி குடித்துவிட்டு வர. அவள் காரில் நான் பயணி. எனக்கு அது முழுதாகப் பிடித்ததில்லை என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இனி என்னைப் பற்றி. மத்திய சர்க்காரில் செக்‌ஷன் ஆபீசராக இருந்து ரிட்டையரானவன். எங்கள் செக்‌ஷனில் ஒரு வழக்கம் உண்டு. கோப்பில் ஒரு பக்கத்தை நான் பார்த்துவிட்டேன் என்று ஓரத்தில் சின்னதாக இனிஷியல் போட்டால், எனக்கு மேலே இருக்கிற யாரும் அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்க்க மாட்டார்கள். பார்த்தாச்சு என்றால் பார்த்தாச்சு. இத்தனை வருட சர்வீஸில் ஒருவரும் என் இனிஷியலைக் கேள்வி கேட்டதில்லை. அந்தத் திமிர் ரிட்டையரான பிறகும் போகவில்லை.

ஒவ்வொரு நவம்பரிலும் தில்லி வானம் சாம்பலாக மாறும்போது நான் வீட்டில் ஒரு வேலை செய்வேன். என் பழைய எட்டு முழ வேட்டிகளில் ஒன்றைக் கிழித்து, பால்கனிக் கதவின் இடுக்கு, சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன், ஏசியின் வாய் என்று காற்று நுழைகிற இடமெல்லாம் இரண்டு மடிப்பாகத் துணி கட்டிவிடுவேன். ஒரு வாரத்தில் துணி கறுத்துவிடும். அதைக் காட்டி, "பாத்தியா, இதெல்லாம் உன் நெஞ்சுக்குள்ள போயிருக்கணும்" என்பேன். அவளுக்காகச் செய்கிற வேலை அது. அதில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு.

அந்த வருடம் டாக்டர் கொஞ்சம் கடுமையாகவே பேசினார். வெளியே போவதைக் குறைக்கச் சொன்னார். வகுப்பை விட மாட்டேன் என்று அவள் பிடிவாதமாகச் சொல்லிவிட்டாள். சரி, காரிலாவது நல்ல காற்று வரட்டும் என்று ஒரு நாள் பானெட்டைத் திறந்தேன். முன்பக்கம் கறுப்பாக ஒரு பெட்டி, நாலு கிளிப். திறந்தால் உள்ளே மடிப்பு மடிப்பாக ஃபில்டர். அதைத் தட்டித் துடைத்து, அதன்மேல் வேட்டித் துணியை இரண்டு மடிப்பாக விரித்து, கிளிப்பை அழுத்தி மூடினேன். காருக்குள் வருகிற காற்றெல்லாம் இனி வடிகட்டித்தான் வரும் என்று கையைத் தட்டிக்கொண்டேன். அவளிடம்கூடச் சொல்லவில்லை. செய்தேன், மறந்தும் போனேன்.

டிசம்பரில் அந்த மேம்பாலத்து விஷயம் நடந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். நிஜாமுதீன் பாலத்தில்கூட நாற்பதுக்கு மேல் போகவில்லை. நான் காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோக ஆரம்பித்தேன்.

முதல் ஆள் எங்கள் மார்க்கெட்டுக்குப் பின்னால் கடை வைத்திருப்பவன். "சாப், ஏர் ஃபில்டர் சாஃப் கியா?" என்று, ஃபில்டரைச் சுத்தம் செய்தீர்களா என்பதைத்தான் முதலில் கேட்டான். பானெட்டுக்குள் கையையும் கொண்டுபோனான். "தேக் லியா பையா", பார்த்தாச்சு தம்பி, என்றேன். நானே துடைத்தேன், புதுசு போல இருக்கிறது என்று சொன்னேன். கையை எடுத்துவிட்டான். ஸ்பார்க் பிளக் நாலையும் மாற்றினான். ஒன்றும் ஆகவில்லை.

அடுத்தது பட்பட்கஞ்ச் பக்கம் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப். கம்ப்யூட்டரை வயர் போட்டு மாட்டிப் பார்த்தார்கள். அதில் எந்தக் குறையும் காட்டவில்லை. பெட்ரோல் சுத்தமாக இருக்காது என்று டேங்கையும் இன்ஜெக்டரையும் கழுவினார்கள். அங்கேயும் சூப்பர்வைசர் ஃபில்டரைப் பற்றிக் கேட்டார். அங்கேயும் நான் அதே பதிலைச் சொன்னேன். கொஞ்சம் குரலை உயர்த்தியே சொன்னேன். கழுத்தில் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்த பையன் படிவத்தில் அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட்டான். அவ்வளவுதான், என் இனிஷியல் விழுந்தாயிற்று.

மூன்றாவது ஆள் தமிழன். விழுப்புரம் பக்கத்திலிருந்து வந்து திரிலோக்புரியில் கடை போட்டிருந்தான். நல்ல வேலைக்காரன் என்று சொன்னார்கள். தமிழில் பேசியதும் எனக்கும் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது. அன்றைக்கு அவளும் கூட வந்திருந்தாள், மூக்கை மூடி துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு.

அவன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தான். "சார், ஃபில்டர்லாம்..." என்று ஆரம்பித்தான்.

"அதெல்லாம் பார்த்தாச்சுப்பா. மத்தத பாரு."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப கிளட்ச் பிளேட்டு தேஞ்சிருக்கும் சார். யாரு சார் ஓட்டுறது?"

"இவங்கதான்."

"மேடமா?" என்று சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, எல்லாம் புரிந்துவிட்டது என்கிற சிரிப்பு. "மேடம் ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டுவாங்க சார். லேடீஸ் நெறைய பேரு அப்டித்தான். பெடல்ல வெச்ச கால எடுக்கவே மாட்டாங்க. பிளேட்டு தேஞ்சா எங்க சார் பிக்கப் இருக்கும்?"

இந்தியில் சொல்லியிருந்தால் நான் பாதியை மென்று முழுங்கி அவளிடம் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். தமிழில் சொன்னான். அவள் இரண்டடி தள்ளி நின்று முழுதும் கேட்டாள்.

"நான் கால எடுத்துருவேன்" என்றாள்.

"எல்லாரும் அப்படித்தான் மேடம் சொல்வாங்க."

நான் அவளுக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு நிம்மதிதான் வந்தது. மூன்று வாரமாகப் பிடிபடாத கோளாறுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, அந்தக் காரணம் என் பக்கம் இல்லை. நான் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில், "எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கியர் போட்ட உடனே கால எடுன்னு" என்றேன். ஒரு தடவைகூட நான் அப்படிச் சொன்னதில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிளேட்டை மாற்றினோம். கழற்றிய பழைய பிளேட்டை அவன் எங்களிடம் காட்டினான். தேய்ந்து பளபளவென்று இருந்தது. நான் அதை அவளிடம் நீட்டினேன். கையால் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் கார் நன்றாக ஓடுவது போல எனக்குத் தோன்றியது. மூன்றாம் நாள் பழையபடி ஆனது. அதற்கு நான் கண்டுபிடித்த விளக்கம், புது பிளேட்டையும் அவள் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள் என்பது.

அதற்கு அடுத்த இரண்டு ஞாயிறும் நான் செய்தித்தாள் எடுத்துப்போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். பாதம் கிளட்ச்சுக்குப் பக்கம் போனால் "எடு" என்பேன். சிக்னலில் "எடு". கியர் மாற்றி முடிப்பதற்குள் "எடு எடு". ஆறு வருடமாக ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவள், சராய் காலே கான் திருப்பத்தில் இரண்டு தடவை இஞ்சினை அணைய விட்டாள். பின்னால் வரிசை கட்டி ஹாரன். அவள் சாவியைத் திரும்பத் திரும்பத் திருகுவதைப் பார்த்தேன். பார்த்தும் சும்மா இருக்கவில்லை. "பாத்தியா, இப்பம் தெரியுதா?" என்றேன்.

வகுப்பு வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கியதும் சாவியை என் கையில் வைத்தாள். "திரும்பிப் போகும்போ நீங்களே ஓட்டுங்க" என்றாள். அதற்குப் பிறகு அவள் ஓட்டவில்லை.

இரண்டு ஞாயிறு நான் கொண்டுவிட்டேன். நான் எப்படிக் கொண்டுவிடுவேன் என்று சொல்லவும் வேண்டுமா. வண்டி ஏறவில்லை என்று வழியெல்லாம் புலம்பல், வகுப்பு முடியும் முன்பே வாசலில் நின்று போன், "முடிஞ்சுதா, இன்னும் எவ்வளவு நேரம்?" கடைசிப் பிள்ளை எழுதி முடிக்கும்வரை இருந்து பழகியவள், நான் போன் செய்ததும் நோட்டுகளை மூடச் சொல்லிவிட்டு வருவாள். ஒரு ஞாயிறு, "நீங்க வரவேண்டாம், நான் மெட்ரோல போய்க்கிடுதேன்" என்றாள்.

மெட்ரோ நேராகத்தான் போகிறது, ஒரு குறையும் இல்லை. ஆனால் ஜனவரிக் கடைசி, குளிர் விடவில்லை. வீட்டிலிருந்து ஸ்டேஷன்வரை திறந்த ரிக்‌ஷாவில் எதிர்க்காற்று. அந்தப் பக்கம் இறங்கினால் புகைக்குள் நடை, தோளில் நோட்டுப் பை. மூன்றாவது ஞாயிறு மத்தியானம், வகுப்புக்கு வரும் ஒரு பிள்ளையின் அப்பா எனக்குப் போன் செய்தார். அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். நான் அந்தக் காரில்தான் போனேன். மேம்பாலத்தில் அது ஊர்ந்தது. ஆக்சிலரேட்டரைத் தரையோடு அழுத்திக்கொண்டு, கெட்ட வார்த்தைகளாகத் திட்டிக்கொண்டு போனேன். அந்தத் திட்டில் அவள் காலுக்கும் பங்கு இருந்தது.

நாலு நாள் நெபுலைசர் வைத்து, வீட்டுக்கு அனுப்பினார்கள். டாக்டர் வகுப்பை நிறுத்தச் சொன்னார். இந்தத் தடவை அவள் எதிர்த்துப் பேசவில்லை. கரும்பலகை எங்கள் கட்டில் அடியில் போனது. பிள்ளைகளின் நோட்டுகளை ஒரு பெற்றோர் வந்து வாங்கிக்கொண்டு போனார். பதினாலையும் எண்ணிக் கொடுத்தாள். ஒரு பிள்ளை தன் பெயரை அட்டையில் தப்பாக எழுதியிருந்ததை, போகிற நேரத்தில் பேனா எடுத்துத் திருத்தினாள்.

ஏப்ரலில் வெயில் ஏறியது. அவளை மறுபடி டாக்டரிடம் காட்ட வேண்டும், காரில் ஏசி சரியாகக் குளிரவில்லை. ஏசி வேலை மட்டும் பார்க்கிற ஒரு சர்தார்ஜியிடம் போனேன். என் வயதுதான் இருக்கும். அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு, பலகை மாதிரி ஒன்றை உருவினார். நிலக்கரி மாதிரி இருந்தது.

"இதை மாற்றி எத்தனை வருடம் ஆயிற்று?" என்று இந்தியில் கேட்டார்.

"இது என்ன?"

"உள்ளே உட்காருகிறவர்களுக்கு வருகிற காற்று இது வழியாகத்தானே வருகிறது."

"அப்படியானால் முன்னால் இருக்கிற கறுப்புப் பெட்டி?"

"அது இஞ்சினுக்கு சாப். இஞ்சின் மூச்சு விட வேண்டாமா?"

எழுந்துபோய் நானே பானெட்டைத் திறந்தேன். நாலு கிளிப். மூடியைத் தூக்கியதும் முதலில் அதைத் துணி என்றே சொல்ல முடியவில்லை. புகையும் பனியும் சேர்ந்து தார் மாதிரி இறுகி, ஃபில்டர்மேல் அப்பிக்கொண்டிருந்தது. பிய்த்து எடுத்தேன். ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் அழுக்குப் படாமல் மயில்கழுத்துக் கரை தெரிந்தது. என் வேட்டி.

சர்தார்ஜி எட்டிப் பார்த்தார். "யார் செய்த வேலை இது?" என்று சிரித்தார். "இஞ்சினுக்கு மாஸ்க் கட்டியிருக்கிறார்களே!" பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

நான் கிளட்ச் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "கிளட்ச் போனால் இஞ்சின் கத்தும், வண்டிதான் நகராது. உங்கள் இஞ்சின் கத்தியதா?"

இல்லை. சத்தங்கூட எழும்பலை என்று அவள் முதல் நாளே சொன்னாள்.

"அந்த பிளேட் தேய்ந்திருந்ததே?"

"தில்லி டிராஃபிக்கில் இத்தனை வருடம் ஓடினால் யார் ஓட்டினாலும் தேயும்" என்றார்.

புது ஃபில்டர்கள் போட்டுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன். வழியில் வேண்டுமென்றே சுற்றிக்கொண்டு பாராபுல்லா மேம்பாலத்தில் ஏறினேன். மிதித்ததும் கார் முதுகை இருக்கையோடு தள்ளிக்கொண்டு ஏறியது. மூன்றாவது கியரிலேயே ஏறியது. இத்தனை நன்றாக ஓடுகிற கார் ஒருவனை இப்படி அவமானப்படுத்த முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

சொல்லாமல் விட்டுவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். எலி கூடு கட்டியிருந்தது என்று சொல்லிவிடலாம், நம்பிவிடுவாள். வீட்டு வாசல்வரை எலியைத்தான் கதையாக ஜோடித்துக்கொண்டு வந்தேன். அவள் கதவைத் திறந்து, "ஏசி சரியாயிட்டா?" என்று கேட்டாள். அந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினாள். நான் பாலிதீன் பையிலிருந்து அந்தத் துணியை எடுத்து மேஜையில் வைத்தேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். நவம்பரில் நான் செய்ததையும், மூன்று மெக்கானிக்கும் கேட்டதையும், மூன்று பேரிடமும் நான் சொன்ன பதிலையும் சொன்னேன். அவள் கரையைத் திருப்பிப் பார்த்தாள். அந்த வேட்டியை வாங்கித் தந்தவளே அவள்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு இருமலாக மாறி, இன்ஹேலரை எடுத்து அடித்துக்கொண்டு, மறுபடி சிரித்தாள்.

"எனக்காகத்தான வச்சீங்க" என்றாள். "விடுங்க."

திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் துணியைப் பைக்குள் போட்டு முடிச்சுப் போட்டாள். குப்பைக்கூடைப் பக்கம் போனவள் திரும்பி வந்து நின்றாள்.

"ஒண்ணு மட்டும் கேக்கேன். அந்த ஆள் என் கால்னு சொன்னப்போ, உங்களுக்கு ஒரு நிமிசம்கூட வேற எதுவும் தோணலையா?"

தோணவில்லை என்பதுதான் பதில். அதை அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவள் பையைக் கூடையில் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

அந்த வார ஞாயிறு காலை சாவியை அவள் கையில் கொடுத்தேன். வேண்டாம் என்றாள். கெஞ்சினேன். கல்யாணமான இத்தனை வருடத்தில் நான் எதற்கும் கெஞ்சியதில்லை. எங்கள் சொசைட்டி ரோட்டில் மட்டும் ஒரு சுற்று, நான் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். சரி என்று உட்கார்ந்தாள். கண்ணாடியைத் திருத்தினாள், பெல்ட் போட்டாள், கார் கிளம்பியது. எனக்கு நெஞ்சு நிறைந்தது. கேட் தாண்டி முதல் திருப்பத்தில் எதிரே ஒரு டெலிவரி ஸ்கூட்டர் வந்தது. நல்ல வெளிச்சம், நேராக வருகிறது, யாருக்கும் தெரியும். அவளுக்குத் தெரியவில்லை. அவன் கத்திய பிறகுதான் பிரேக்கை மிதித்தாள். கார் குலுங்கி அணைந்தது. அவன் திட்டிவிட்டுப் போனான். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

"என்னம்மா, பாக்கலையா?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை.

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். "ரோட்டைப் பாக்க முடியலைங்க" என்றாள். "நான் காலைத்தான் பாக்கேன்."

இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி வந்து, என் பக்கத்துக் கதவைத் திறந்து நின்றாள். நான் டிரைவர் இருக்கைக்கு நகர்ந்து உட்கார்ந்தேன்.

இப்போது நான்தான் ஓட்டுகிறேன். மாதம் ஒரு தடவை டாக்டரிடம் காட்ட அதே வழியாகத்தான் போகிறோம். கார் ஒரு குறையும் இல்லாமல் இழுக்கிறது. தில்லிக் கணக்குப்படி பெட்ரோல் காருக்குப் பதினைந்து வருடம், எங்கள் காருக்கு இன்னும் இரண்டு வருடம்தான் ஆயுசு, அதற்குப் பிறகு ஓட விட மாட்டார்கள். நான் பழைய சுபாவத்தில் பாதியை விட்டுவிட்டேன், யாருக்கும் அதில் லாபம் இல்லை. லக்ஷ்மிபாய் நகர் பக்கம் திரும்புகிற இடம் வந்தால் இருவருமே வேறு ஏதாவது பேசுவோம்.

மேம்பாலத்து ஏற்றம் வரும். நான் கியர் மாற்றுவேன். பக்கத்து இருக்கையில் அவளுக்கு முன்னால் ஒரு பெடலும் கிடையாது, வெறும் கால்மிதிதான் கிடக்கிறது. அந்த நேரம் பார்த்து அவள் தன் இடது காலை மெல்ல உள்ளுக்கு இழுத்து, இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்வாள்.